நாற்பதாம் நாள் வந்தவர்

"உங்க வீட்டுக்காரரோட அண்ணன் மறுபடி வந்திருக்காரா?" என்று கேட்டாள் கீழ்வீட்டு ஹென்ச்செல் கிழவி.

மாக்வாலா படியில் அப்படியே நின்றுவிட்டாள். கையில் இருந்த பையில் கோதுமையும் உலர்ந்த திராட்சையும் தேனும். படையலுக்காகக் காலையிலேயே போய் வாங்கி வந்தவை.

கிழவி குத்தலாகக் கேட்கவில்லை. கண் மங்கிய பிறகு அந்தக் கட்டடத்தில் காதாலேயே குடித்தனம் நடத்துகிறவள் அவள். யார் எப்போது குளிக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"இல்லையே, ஏன் கேக்கறீங்க?"

"பகல் முழுக்க நடக்கறாரே. ஜன்னல்லேர்ந்து கதவு, கதவுலேர்ந்து ஜன்னல். போன கோடையில வந்திருந்தப்பவும் இதே நடைதான். குதிகால அழுத்தி அழுத்தி வெப்பாரு. எனக்கு அந்த நடை தெரியாதா?" என்றவள், ஏதோ நினைவு வந்தவள்போலத் தொடர்ந்தாள். "தண்ணிக் கட்டணத்த தலைக்கு இவ்வளவுன்னு பிரிக்கணும், உங்க மாடியில எத்தன பேருன்னு வீட்டு நிர்வாகத்துலேர்ந்து வந்து கேட்டாங்க. நாலுன்னு சொல்லிட்டேன். தப்பில்லையே?"

மாக்வாலா, நாங்கள் மூன்று பேர்தான் என்று முணுமுணுத்துவிட்டு மேலே ஏறினாள்.

ரெசோ இறந்து இன்றோடு நாற்பது நாள்.

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் ரெசோவை மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியாவின் மலைப்பாதைகளில் லாரி ஓட்டியே தம்பி வாஜாவைப் பாலப் பொறியாளன் ஆக்கியவர் அவர். அந்தப் படிப்புதான் வாஜாவையும் மனைவி மாக்வாலாவையும் மகள் ஏலேனேயையும் இந்த ஜெர்மானியச் சிற்றூருக்குக் கொண்டுவந்தது. இங்கே பாலங்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றைச் சோதித்துப் பார்க்கப் படித்த ஆளில்லை. ஆள் கிடைக்காத தொழிலுக்குப் படித்தவன் என்றால் கதவு திறக்கும். வேலை இருந்தால் வதிவிட அட்டை. அட்டை இருந்தால் வீடு, மகளின் பள்ளிக்கூடம், மற்ற எல்லாமும். முதல் ஆணியைப் பிடுங்கினால் மொத்தப் பந்தலும் கீழே வரும்.

முதல் நிறுவனம் இழுத்து மூடியபோது பந்தல் ஒருமுறை ஆடியது. வாஜா இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தான், தகுதிகாண் காலத்தில். அதற்குள் அட்டைக்குக் கெடு முடிந்தது. புதிய அட்டை வரும்வரை ஒரு தற்காலிகத் தாளைக் கொடுத்தார்கள்.

அந்தத் தாள் கையில் இருந்தபோதுதான் ரெசோவுக்கு மாரடைப்பு. இந்தத் தாளை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போகலாம், திரும்பி உள்ளே வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வெளிநாட்டினர் பிரிவு அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள். வாஜா போகவில்லை. தன்னைப் படிக்க வைத்தவரின் அடக்கத்தைச் சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தான். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது படம் உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது மண் மூடியிருந்தது.

அன்று முதல் மாக்வாலா அவர்கள் மலைநாட்டு வழக்கப்படி நாற்காலி போட்டாள். போன கோடையில் ரெசோ விட்டுப்போன கோட்டு நாற்காலியின் முதுகில். மேலே அவருடைய தொப்பி. கீழே துடைத்து வைத்த அவருடைய காலணி. எதிரே மேசையில் நான்காவது தட்டு, ஒரு துண்டு ரொட்டி, ஒரு கோப்பை ஒயின். நாற்பது நாளும் ஆன்மா வீட்டைச் சுற்றும், அதற்குப் பசிக்கும் என்பது நம்பிக்கை. பார்க்கிறவர்களுக்கு, யாரோ குளிக்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்றுதான் தோன்றும்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் அவளுக்கு விடியற்காலையில் தொடங்கி நாள் முழுக்க வேலை. போகும்போது நிரப்பி வைக்கும் கோப்பை, மாலையில் வந்து பார்த்தால் குறைந்திருந்தது. ஆவியாகிப் போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். வேதியியல் வாத்தியாராக இருந்தவள். எது ஆவியாகும், எவ்வளவு ஆவியாகும் என்று அவளுக்குத் தெரியாதா? ரொட்டியும் பிய்ந்திருந்தது. முதல்நாள் பயந்தாள். அப்புறம் பயம் போய் ஒரு நிம்மதி வந்தது. மண் போட வராதவர்களைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றால், அவருக்கு நம்மேல் கோபமில்லை.

இப்போது ஹென்ச்செல் கிழவியும் காதால் சாட்சி சொல்கிறாள்.

காலையில் வீட்டில் ஒரு சண்டை நடந்திருந்தது. நாற்பதாம் நாளுக்காவது விடுப்புக் கேள் என்று இவள் சொல்ல, தகுதிகாண் காலத்தில் கேட்க முடியாது என்று அவன் சொல்ல, அண்ணனைவிடப் பாலம் பெரிதா என்று இவள் கேட்டுவிட்டாள். வாஜா துக்கத்துக்காக மழிக்காமல் விட்ட தாடியைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏலேனே பள்ளிக்கூடம் போகவில்லை. பதினாறு வயது. பெரியப்பாவுக்காகக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். மாக்வாலா அடுப்பில் ஏற்றிய கோதுமை வெந்துகொண்டிருந்தது. அதில் தேனும் திராட்சையும் வால்நட்டும் போட்டுப் பிசைந்தால் படையல் தயார்.

மாக்வாலா, கிழவி சொன்னதை மகளிடம் சொன்னாள். சொல்லும்போது குரலில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. கோப்பை குறைவதையும் முதல்முறையாகச் சொன்னாள்.

ஏலேனே உடைப்பதை நிறுத்தினாள்.

"கிழவிக்குக் காதும் போயிடுச்சும்மா" என்றாள், நிமிராமல்.

"பெரியப்பாதான்டி. எனக்குத் தெரியும். இன்னிக்கோட கிளம்பிடுவாரு. கிளம்பறதுக்குள்ள உங்கப்பா அவர்கிட்ட நின்னு ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டா எவ்வளவு நல்லாருக்கும்."

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் நோவாக். ஊர் அலுவலகத்தில் வெளிநாட்டினர் பிரிவு. ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிற வயது, நனைந்த குடை, மரியாதையான முகம். மிதியடியில் காலைத் தேய் தேய் என்று தேய்த்த பிறகே உள்ளே வந்தார். இந்த மாதிரி மனிதர்களிடம்தான் பொய் சொல்வது கஷ்டம்.

அலுவலகத்து ஜெர்மன் என்றால் மாக்வாலாவுக்குப் பாதிதான் பிடிபடும். ரொட்டிக் கடையில் அந்தச் சொற்கள் புழங்குவதில்லை. ஆகவே அவர் பேசப் பேச ஏலேனே நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். இந்த வீட்டில் பதிவானவர்கள் மூவர். நால்வர் இருப்பதாக வீட்டு நிர்வாகத்திலிருந்து தகவல். பதிவு செய்யாமல் யாரையாவது தங்கவைத்திருந்தால், பரிசீலனையில் இருக்கும் அட்டைக்கு அது நல்லதல்ல. இதையெல்லாம் சொல்லிவிட்டு நோவாக் மேசையைப் பார்த்தார். தட்டுகளை எண்ணவில்லை என்றுதான் காட்டிக்கொண்டார், ஆனால் எண்ணிவிட்டார்.

"அந்தக் கோட்டு யாரோடது?"

"என் கணவரோட அண்ணன்."

"போன வருஷம் உறவுக்காரங்க வீடுன்னு சொல்லித் தங்கிட்டுப் போனவரா? இப்ப எங்க இருக்காரு?"

மாக்வாலா இதை மகளிடம் விடவில்லை. தனக்குத் தெரிந்த ஜெர்மனில் தானே சொன்னாள்.

"மண்ணுக்குள்ள."

நோவாக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஏலேனே விளக்கினாள். நாற்காலி, தட்டு, நாற்பது நாள், இன்றைக்குக் கடைசி. போக முடியாமல் போனதையும் சேர்த்துச் சொன்னாள். ஏன் போக முடியவில்லை என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாளை அச்சடித்துக் கொடுப்பதே அவருடைய அலுவலகம்தானே. அவர் நாற்காலிக்குக் கீழே இருந்த காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். வெறும் சம்பிரதாயமாகச் சொன்னதுபோல் இல்லை.

முடிந்தது என்று மாக்வாலா மூச்சு விட்டாள். ஆனால் நல்ல மனிதராக இருந்தாலும் அவர் அதிகாரி. குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம். கீழ்வீட்டு அம்மா பொய் சொல்றவங்க இல்ல. பகல்ல ஒரு ஆம்பிள நடக்கற சத்தம் வாரக்கணக்கா கேக்குதுங்கறாங்க. இறந்தவர் நடக்க மாட்டாரு. உங்க கணவர் வேலைக்குப் போயிடறாரு. அப்ப நடக்கறது யாரு?"

ஏலேனே அம்மா பக்கம் திரும்பினாள். மொழிபெயர்க்கிற அதே நிதானமான குரலில், தங்கள் மொழியில் சொன்னாள்.

"அம்மா, முகத்த மாத்திக்காம கேளு. நடக்கறது அப்பாதான், அவருக்கும் பெரியப்பா நடைதான். அப்பாவுக்கு வேல போயி மூணு வாரம் ஆச்சு. இவருகிட்ட மட்டும் சொல்லிடாத."

மாக்வாலா முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அது அவளுடைய சாமர்த்தியம் என்று யாரும் மெச்ச வேண்டாம். முகமே மரத்துப் போயிருந்தது. அடுப்பில் கோதுமை கொதிக்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. நோவாக் பேனாவோடு காத்திருந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் அட்டை இல்லை, இந்த வருடம் மகள் பள்ளி முடிப்பது இல்லை, கிளம்ப வேண்டியதுதான். இறந்த ரெசோதான் நடக்கிறார் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். மீதமிருந்தது ஒன்றே ஒன்று.

"என் கணவர் வேலையில இருக்காரு" என்றாள். "இன்னிக்கும் வேலைக்குத்தான் போயிருக்காரு. பகல்ல இந்த வீட்ல யாரும் இல்ல. ஒருத்தரும் இல்ல."

ஒருத்தரும் இல்லை என்று சொல்லும்போது நாற்காலிப் பக்கம் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அடக்கத்துக்குப் போகாதவர்கள், இப்போது வாசலில் வந்து நிற்கிறவரையும் தெரியாது என்கிறோம்.

நோவாக் எழுதினார். எழுதியதை ஒருமுறை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவர் கிளம்பும்போது மாக்வாலாவுக்கு வேறொரு தர்மசங்கடம். நாற்பதாம் நாளன்று வாசல் மிதித்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது, அது எதிரியாகவே இருந்தாலும். வெந்த கோதுமையில் தேனும் திராட்சையும் வால்நட்டும் அவசரமாகப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். அதிகாரிகள் எதையும் வாங்கக் கூடாது என்று அவர் பின்வாங்கினார். இது அவருக்கில்லை, இறந்தவருக்கு என்று ஏலேனே சொன்னாள். நின்றபடியே ஒரு கரண்டி சாப்பிட்டார். சாப்பிட்டால் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கடவுள் அவரை இளைப்பாற வைக்கட்டும் என்று சொல்ல வேண்டும் என்றாள் ஏலேனே. நோவாக் அதை ஜார்ஜிய மொழியிலேயே, நாக்கு இடற இடற, முழுவதும் சொன்னார்.

அவருடைய காலடி படிகளில் இறங்கித் தேயும்வரை இருவரும் அசையவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மாக்வாலா.

ஏலேனே சொன்னாள். ஒருநாள் ஆசிரியர் வராமல் பள்ளி சீக்கிரம் விட்டதால் மதியமே வீட்டுக்கு வந்திருக்கிறாள். கதவைத் திறந்தால் அப்பா. பெரியப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அந்தக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பொறியாளர் வாடிக்கையாளர் முன்னால் இப்படிப் போய் நிற்க முடியாது, தாடியை எடுத்துவிட்டு வா என்று மேலாளர் இரண்டு முறை சொன்னாராம். இவர் எடுக்கவும் இல்லை, ஏன் எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. தகுதிகாண் காலத்தில் அனுப்பக் காரணம் வேண்டியதில்லை. அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணன் செத்துட்டார்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களேன்னு கேட்டேன். துக்கத்தக் காட்டி யார்கிட்டயும் சலுக கேக்க மாட்டேன்னாரு. உங்கிட்ட நாற்பது நாள் முடிஞ்சதும் தானே சொல்றேன்னு சொன்னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரும்மா."

வறட்டுக் கௌரவம் என்பார்கள் நம் ஊரில். மலைநாட்டில் அதற்கு மரியாதையான பெயர்கள் நிறைய உண்டு. மாக்வாலா அந்த மலையிலேயே பிறந்தவள். அவளால் வாஜாவைத் திட்டக்கூட முடியவில்லை.

"அப்போ அந்த ஒயின்?"

"அப்பாதான்."

"ரொட்டி?"

ஏலேனே ஆமென்று தலையை ஆட்டினாள்.

மாக்வாலா உட்கார்ந்தாள். வேலை போயிற்று, அட்டை போகப் போகிறது. அதற்குத்தான் முதலில் நெஞ்சு அடைக்க வேண்டும். ஆனால் அடைத்தது வேறு ஒன்றுக்கு. ரெசோ வரவே இல்லை. வாசலைத் தாண்டி அவர் ஒருநாளும் உள்ளே வரவில்லை. கோபமில்லை, மன்னித்துவிட்டார் என்று இத்தனை நாள் அவள் நம்பிய நிம்மதி, வேலை இழந்த மனிதன் ஒருவன் பசிக்குத் தின்ற ரொட்டி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்று அழாத அழுகை அது.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மதியம்கூட ஆகவில்லை.

வாஜா உள்ளே வந்தான். மழையில் நனைந்த தாடி, ஆனால் பல நாளாகக் காணாமல் போயிருந்த நிமிர்வு முதுகில் திரும்பியிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்ல வேண்டியதாயிடுச்சுப்பா" என்றாள் ஏலேனே.

அவன் கோபிக்கவில்லை. நாற்காலியின் அருகே போய்க் கோட்டின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"உங்கிட்ட மறைச்சது தப்புதான். என்ன வேணும்னாலும் திட்டு, கேட்டுக்கறேன்."

"மூணு வாரம் அவரோட தட்டுல சாப்பிட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மாக்வாலா. "வேல போனா போகுது. நான் அவருதான் வந்திருக்காருன்னு நினைச்சேன் வாஜா."

வாஜாவுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவன் முகம் போன போக்கை மாக்வாலா பார்க்க விரும்பவில்லை. அவன் வந்து அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"எனக்கு நிஜமாவே அவர் கூட இருந்த மாதிரிதான் இருந்துச்சு. தனியா சாப்பிட்ட மாதிரியே இல்ல" என்றான். "நேத்து அவர் எதிர்ல உக்காந்தப்ப தோணிச்சு. என்னப் படிக்க வெச்ச மனுஷன், நான் பொய்யோட நிக்கறதப் பாத்துட்டுப் போகணுமா? அதான் காலையில நேரா அலுவலகத்துக்குப் போயிட்டேன். வேல போயிடுச்சுன்னு நானே சொல்லிட்டேன்."

"எந்த அலுவலகம்?"

"வெளிநாட்டினர் பிரிவுதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால உக்காந்திருக்கற அந்தப் பொண்ணு ஒண்ணும் கடுமையாப் பேசல. வேல போனத மறைக்காம வந்து சொன்னதால, வேற வேல தேட அவகாசம் தருவாங்களாம். பாலத்துக்கு ஆள் தேடற நிறுவனம் ரெண்டு மூணு இருக்குன்னு அவளே சொன்னா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: இனிமே எங்ககிட்ட எதையும் மறைக்காதீங்க, ஒரு பொய் இருந்தாலும் மேல இருக்கறவங்க இந்தக் கோப்ப மூடிடுவாங்க. அப்படி எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

அவன் சிரிக்க முயன்றான். நாற்பது நாளில் அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"அவங்க ஆள் ஒருத்தர், நோவாக்னு பேரு, இன்னிக்கு நம்ம பக்கம் வருவார்னு சொன்னா. கீழ்வீட்டு விஷயமா. நான் சொன்னது அவருக்குத் தெரியாதாம், சாயங்காலம்தான் கோப்பப் பாப்பாராம். வந்தாரா?"

ஏலேனே அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வந்தாரு" என்றாள் மாக்வாலா.

"நல்ல மனுஷனா? என்ன கேட்டாரு?"

"பகல்ல இங்க நடக்கறது யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டான் வாஜா. அவன் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது.